ஓடுகிற லேப்டாப்பை எதற்குக் கரையேற்றுவது?

கேள்வி:

எங்கள் ஊர் பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கும் குப்பங்களில் ஒன்று. அப்பா கடலுக்கும் போவார், பாடு என்ற ஊர்ச் சுழற்சியில் எங்கள் முறை வரும் நாளில் ஏரியில் வலையும் கட்டுவார். நான் பி.காம். படித்திருக்கிறேன். 2017-இல் பிளஸ் டூ படிக்கும்போது அரசு கொடுத்த லேப்டாப்தான் இன்றுவரை எனக்கு எல்லாம். 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். மீன்பிடித் தடைக்கால நிவாரணத்தில் பெயர் விட்டுப்போனவர்கள், படகுப் பதிவைப் புதுப்பிக்க வேண்டியவர்கள், நல வாரியத்துக்கு விண்ணப்பிப்பவர்கள் எல்லாரும் என் வீட்டுத் திண்ணைக்குத்தான் வருவார்கள். மகளிர் குழுக் கணக்கும் இதில்தான் இருக்கிறது.

சில மாதமாக, விண்டோஸ் 10-க்கு இனி அப்டேட் கிடையாது என்று திரையில் வருகிறது. அந்த விண்டோஸ் 10-ஐயும் இரண்டு வருடம் முன்பு ஒரு கடையில்தான் போட்டுத் தந்தார்கள். இப்போது வேறு கடையில் காட்டினால், "இதுல 11 ஏறாது, பழைய இரும்புக்குப் போட்டுட்டுப் புதுசு வாங்கிக்கோ" என்கிறார்கள். அப்பாவிடம் சொன்னேன். "ஓடுற போட்டை எதுக்கும்மா கரையேத்தச் சொல்றான்?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

பழைய கம்ப்யூட்டர்களுக்கும் கம்பெனிக்காரர்கள் அப்டேட் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டாமா? நான் இப்போது என்ன செய்வது? தம்பி இந்த வருடம் காலேஜில் சேர்கிறான், அவனுக்கு செகண்ட் ஹேண்ட் லேப்டாப் வாங்கலாமா?

— ஒரு வாசகி, பழவேற்காடு

பதில்:

அப்பா கேட்டது சரியான கேள்வி. அதற்கு ஆம், இல்லை என்று ஒரே சொல்லில் பதில் சொல்ல முடியாது. அப்டேட் என்ற பெயரில் இரண்டு வேறு விஷயங்கள் வந்து இறங்குகின்றன. ஒன்று, வலையில் விழுந்த கிழிசலைச் சரிசெய்வது. மற்றது, பழைய வலையை எடுத்துவைத்துவிட்டுப் புது வலை கட்டுவது. விண்டோஸ் 10-க்கு மாதாமாதம் வந்துகொண்டிருந்தது முதல் வகை. 10-இலிருந்து 11-க்குப் போவது இரண்டாவது வகை.

புது வலை எல்லாருக்கும் கிடைத்தாக வேண்டும் என்று நான் வாதாட மாட்டேன். கிழிசலை அடைக்கும் வேலையை மட்டும், இயந்திரம் ஓடுகிறவரை நிறுத்தக்கூடாது. என் கட்சி இதுதான்.

முதலில் கம்பெனியின் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். விண்டோஸ் 11, 2021 அக்டோபரில் வந்தது. அது ஏற வேண்டுமென்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை பிராசசரோ அதற்குப் பிந்தியதோ வேண்டும் என்று மைக்ரோசாஃப்ட் கோடு கிழித்தது. 2018-க்கு முன் விற்ற லேப்டாப்களில் பெரும்பாலானவை அந்தக் கோட்டுக்கு வெளியே நின்றன. உங்களுடையதும் அப்படித்தான். டிஸ்க்கைப் பூட்டும் சாவி போன்றவற்றைத் தனிச் சிப்பில் வைத்தால் திருடுவது கடினம் என்பது உண்மை. பழைய இயந்திரங்களின் டிரைவர்களை எழுதிய சிப் கம்பெனிகள் அவற்றை எப்போதோ கைகழுவிவிட்டன என்பதும் உண்மை. பல்லாயிரம் வகைப் பழைய மாடல்களில் ஒவ்வொரு மாற்றத்தையும் சோதித்துப் பார்க்கக் காசும் ஆளும் வேண்டும்.

புதியது எல்லாமே பழைய இயந்திரத்துக்கு நல்லது செய்யும் என்பதும் இல்லை. 2018 ஜனவரியில் ஸ்பெக்டர், மெல்ட்டவுன் என்று பிராசசரிலேயே இருந்த ஓட்டைகள் அம்பலமாயின. அவற்றை அடைக்க வந்த அப்டேட், பழைய பிராசசர்களில் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வேகத்தைக் குறைக்கும் என்று மைக்ரோசாஃப்டே முன்கூட்டிச் சொன்னது. ஆப்பிள் கதை இன்னும் மோசம். பேட்டரி தளர்ந்த பழைய ஐபோன்களை ஒரு அப்டேட் மூலம் சத்தமில்லாமல் மெதுவாக்கியதை 2017 டிசம்பரில் அந்தக் கம்பெனி ஒப்புக்கொண்டது. 2020 பிப்ரவரியில் பிரான்ஸ் இரண்டரைக் கோடி யூரோ அபராதம் விதித்தது. ஆகவே "எல்லாப் பழைய கம்ப்யூட்டருக்கும் எல்லாப் புது அப்டேட்டும் கொடு" என்று கோஷம் போடுவதில் எனக்கு ஆர்வமில்லை. உங்கள் 4 ஜிபி ராமில் விண்டோஸ் 11-ஐ ஏற்றினால், ஒரு விண்ணப்பப் படிவம் திறப்பதற்குள் திண்ணையில் உட்கார்ந்திருப்பவர் இரண்டு டீ குடித்துவிடுவார். சிலர் கோட்டைத் தாண்டி 11-ஐ ஏற்றிக் காட்டும் வித்தை கற்றிருக்கிறார்கள். அந்தப் பக்கம் போகவேண்டாம். அப்படி ஏற்றிய இயந்திரங்களுக்கு அப்டேட் வரும் என்று உத்தரவாதம் தரமுடியாது என்று மைக்ரோசாஃப்ட் எழுதியே வைத்திருக்கிறது.

ஓட்டை அடைப்பது அப்படியல்ல. அது ஏன் முக்கியம் என்பதற்கு 2017 மே மாதத்தைச் சொல்ல வேண்டும். வான்னாக்ரை என்ற வைரஸ் உலகம் முழுக்க லட்சக்கணக்கான கம்ப்யூட்டர்களைப் பூட்டிவைத்துப் பணம் கேட்டது. இங்கிலாந்தில் அரசு மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. உங்கள் ஊரிலிருந்து அதிக தூரமில்லாத திருப்பதியில் தேவஸ்தானத்தின் சில கம்ப்யூட்டர்களும் மாட்டின. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் மார்ச் மாதமே வந்துவிட்டது. போட்டுக்கொண்டவர்கள் தப்பித்தார்கள்.

அதே வாரத்தில் நடந்த இன்னொன்றைத்தான் நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். விண்டோஸ் எக்ஸ்பிக்கு ஆதரவு 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியே முடிந்துவிட்டது. மூன்று வருடம் கழித்து, வான்னாக்ரை பரவியதும், அதே எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் அந்த ஓட்டையை அடைக்கும் ஒரு பேட்ச்சை இலவசமாக வெளியிட்டது. 2019 மே மாதம் வேறொரு ஓட்டைக்காக மறுபடியும் வெளியிட்டது. முடியாது என்பதெல்லாம் சும்மா. மனம் வைத்தால் முடிகிறது.

இப்போதும் அதேதான் நடக்கிறது. விண்டோஸ் 10-க்குப் பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் நின்றது. ஆனால் அதற்கான பாதுகாப்பு பேட்ச்களை எழுதும் வேலை நிற்கவில்லை. காசு கட்டும் நிறுவனங்களுக்கு 2028 அக்டோபர் வரை கிடைக்கும். தொழிற்சாலை இயந்திரங்களில் ஓடும் விண்டோஸ் 10-இன் ஒரு தனிப்பதிப்புக்கு 2032 ஜனவரி வரை ஆதரவு உண்டு. சமைப்பது சமைத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள், உங்களுக்குத் தானாகப் பரிமாறுவதை மட்டும் நிறுத்தியிருக்கிறார்கள். இதை நான் நியாயம் என்று சொல்ல மாட்டேன்.

பழசுக்கு அப்டேட் கொடுக்கவே முடியாது என்று யாராவது சொன்னால், ஸ்ரீஹரிகோட்டா இருக்கும் ஏரிக்கரையில் வாழும் நீங்கள் வாயேஜர் கதையைச் சொல்லுங்கள். 1977-இல் நாசா அனுப்பிய வாயேஜர் 1 விண்கலம், 2023 நவம்பரில் பொருளற்ற தகவல்களாக அனுப்ப ஆரம்பித்தது. அதன் கம்ப்யூட்டரில் ஒரு மெமரி சிப் கெட்டுப்போயிருந்தது. அந்தச் சிப்பில் இருந்த நிரலைத் துண்டு துண்டாக்கி, மெமரியின் வேறு இடங்களில் பொருத்தி, 2024 ஏப்ரலில் சரிசெய்தார்கள். ஒரு கட்டளை போய்ச் சேரவே இருபத்திரண்டரை மணி நேரம் ஆகும் தூரம். அந்தக் கம்ப்யூட்டர் உங்கள் அப்பா பிறந்த காலத்தது என்று நினைக்கிறேன். ஒரு நேர்மையான வித்தியாசத்தையும் சொல்லிவிட வேண்டும்: வாயேஜருக்குள் யாரும் வைரஸ் அனுப்பப் போவதில்லை. உங்கள் லேப்டாப் தினமும் இன்டர்நெட்டில் இருக்கிறது.

இலவச மென்பொருள்காரர்களும் பழசை என்றைக்கும் சுமப்பதில்லை. விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸின் மையநிரல், இன்டெலின் பழைய 386 சிப்பை 2012 டிசம்பரில் கைவிட்டது. டெபியன் என்ற லினக்ஸ், 2025 ஆகஸ்டில் வந்த 13-ஆம் பதிப்போடு 32-பிட் கம்ப்யூட்டர்களில் புதிதாக நிறுவும் வசதியை நிறுத்தியது. அந்த 386 சிப் 1985-இல் வந்தது. அதற்கு 27 வயது ஆன பிறகுதான் இறக்கிவைத்தார்கள். எட்டு வருடத்தில் இறக்கிவைப்பதும் இதுவும் ஒன்றாகுமா?

இதில் கம்பெனியை மட்டும் குறைசொல்லி நான் நிறுத்தப்போவதில்லை. இந்த லேப்டாப்களை வாங்கியது யார்? அரசு. திட்டம் தொடங்கியதே உங்கள் திருவள்ளூர் மாவட்டத்தில்தான். 2011 செப்டம்பர் 15-இல் காக்களூரில் அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா தொடங்கிவைத்தார். அரசின் எல்காட் நிறுவனம் முதல் வருடத்துக்கு மட்டும் 9 லட்சத்துக்கும் மேல் லேப்டாப்களுக்கு டெண்டர் விட்டது. ஒரே கையெழுத்தில் இத்தனை லட்சம் வாங்குபவர் கேட்டால் எந்தக் கம்பெனிதான் காதில் வாங்காது? ராம் எவ்வளவு, ஹார்ட் டிஸ்க் எவ்வளவு, பை என்ன நிறம் என்பதோடு "பத்து வருடத்துக்குப் பாதுகாப்பு அப்டேட்" என்று ஒரு வரியையும் ஒவ்வொரு டெண்டரிலும் வற்புறுத்த வேண்டும். 2025-26 பட்ஜெட்டில் இரண்டு வருடத்தில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் என்று அறிவித்தார்களே, அந்தப் பிள்ளைகளும் 2034-வாக்கில் உங்களைப் போலக் கடிதம் எழுதக்கூடாது.

ஐரோப்பாவில் கைபேசிகளுக்கு இப்படி ஒரு சட்டமே வந்துவிட்டது. 2025 ஜூன் 20-இலிருந்து அங்கே சந்தைக்கு வரும் மாடல்களுக்கு, விற்பனை நின்ற பிறகும் ஐந்து வருடம் அப்டேட் தர வேண்டும். நம் நாட்டின் 2022-ஆம் வருட மின்கழிவு விதிகள், பழைய சாதனங்களை மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பைத் தயாரிப்பாளர் தலையில் வைக்கின்றன. கழிவு ஆன பிறகு அள்ளுவதற்கு விதி இருக்கிறது. கழிவாக்காமல் இருப்பதற்குத்தான் இல்லை.

இனி உங்கள் லேப்டாப்புக்கு வருவோம்.

நாளைக்கே எதுவும் நின்றுவிடாது, பதற்றம் வேண்டாம். விண்டோஸ் 7-ஐ மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரியில் கைவிட்டது. குரோம் பிரவுசர் அதில் 2023 தொடக்கம்வரை புதுப்பதிப்புகளைத் தந்தது. ஆனால் உங்கள் நிலைமை சாதாரண வீட்டு லேப்டாப்பின் நிலைமை இல்லை. உங்கள் டெஸ்க்டாப்பில் எத்தனை பேருடைய ஆதார் நகல், வங்கிப் பாஸ்புக்கின் முதல் பக்கம், படகின் பதிவுச் சான்று கிடக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். உள்ளே ஒருவன் நுழைந்தால் போவது உங்கள் கணக்கு மட்டுமில்லை, குப்பமே போகும். முடிந்த விண்ணப்பங்களின் நகல்களை இன்றே அழியுங்கள். வைத்தே ஆக வேண்டியவற்றைப் பென் டிரைவில் போட்டுப் பீரோவில் வையுங்கள்.

அடுத்தது, கடையில் போட்டுத் தந்த அந்த விண்டோஸ் 10. காசு கொடுத்து வாங்கிய உரிமம் என்று பில்லில் இருக்கிறதா? பெரும்பாலும் இருக்காது. ஆக்டிவேட்டர் என்று ஒரு சின்ன நிரலை ஓட்டி, உரிமம் இருப்பதுபோல் ஏமாற்றித் தந்திருப்பார்கள். அந்த ஆக்டிவேட்டரோடு ஒட்டிக்கொண்டு வைரஸ் வருவது வழக்கம். அப்படியென்றால், அப்டேட் நிற்பதற்கு முன்பே உங்கள் கதவு திறந்துதான் கிடந்திருக்கிறது. உண்மையான உரிமம் இருந்தால் ஒரு தற்காலிக வழி உண்டு. செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தில், நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புக்குப் பதிவுசெய்யும் வசதி இருக்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்து, செட்டிங்ஸை அவர்களுடைய கிளவுடில் சேமிக்கச் சம்மதித்தால் காசு வேண்டாம். அது 2026 அக்டோபர் 13 வரை ஓடும். மூச்சுவிட நேரம் கிடைக்கும், அவ்வளவுதான்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் லினக்ஸுக்கு மாறுவேன். அரசு லேப்டாப்களில் பாஸ் என்று ஒன்று இருந்தது ஞாபகம் இருக்கிறதா? பலர் அதை விட்டுவிட்டு விண்டோஸையே பயன்படுத்தினார்களே, அதுதான். மத்திய அரசின் சி-டாக் மையத்தில், சென்னையில் உருவானது, டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டது. அதையே போடலாம். புதிதாகப் பழகுபவருக்கு நான் சொல்வது லினக்ஸ் மின்ட், அதில் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான வகை. 22-ஆம் பதிப்புக்கு 2029 வரை பாதுகாப்பு அப்டேட் உண்டு, உங்கள் 4 ஜிபி ராம் அதற்குப் போதும். பென் டிரைவில் ஏற்றி, லேப்டாப்பில் எதையும் அழிக்காமலே ஓட்டிப் பார்க்க முடியும். ஒரு நாள் முழுக்க அப்படி ஓட்டுங்கள். வைஃபை பிடிக்கிறதா, பிரிண்டர் அச்சடிக்கிறதா, படகுப் பதிவுத் தளம் திறந்து கோப்பை ஏற்றிக்கொள்கிறதா, தமிழ்99 விசைப்பலகையில் தட்டச்சு வருகிறதா என்று பார்த்துவிட்டுப் பிறகு நிரந்தரமாகப் போடலாம்.

எது வராது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். குழுக் கணக்கு எக்செல்லில் இருந்தால் லிப்ரே ஆபீஸ் திறந்துவிடும். டேலி என்ற கணக்கு மென்பொருளில் இருந்தால் சிக்கல். பழைய அலுவலகக் கோப்புகள் வானவில் எழுத்துருவில் இருந்தால் யூனிகோடுக்கு மாற்றிவைத்துக்கொள்ளுங்கள். இதை எந்த இயந்திரத்திலும் என்றைக்காவது செய்துதான் ஆக வேண்டும்.

லினக்ஸ் போடுவதற்கு முன் ஒரு செலவு செய்யுங்கள். அந்த 500 ஜிபி ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு 256 ஜிபி எஸ்எஸ்டி போடுங்கள். சில ஆயிரம் ரூபாய் ஆகும். எந்த அப்டேட்டும் தராத வேகத்தை இது தரும். பின்மூடியைத் திறந்ததும் ராம் அட்டையை உருவி, அதன் தங்கநிறப் பற்களைப் பாருங்கள். கடலோர லேப்டாப்களில் அதில் மங்கலான படலம் படிந்திருக்கும், யுஎஸ்பி ஓட்டைகளுக்குள் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கும். எல்லாம் உப்புக்காற்றின் வேலை. பென்சில் ரப்பரால் அந்தப் பற்களை மெல்லத் தேய்த்துவிட்டுத் தூளை ஊதிவிடுங்கள். காற்றாடியில் தூசி அடைத்திருந்தால் பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டுங்கள். உங்கள் ஊரில் லேப்டாப்பைக் கொல்வது மைக்ரோசாஃப்ட்டைவிட இந்த உப்புதான். வேலை முடிந்ததும் மூடி, அரிசி மூட்டையில் வருமே அந்த மாதிரித் தடித்த பிளாஸ்டிக் பையில் சிலிக்கா பொட்டலத்தோடு வைத்துக் கட்டுங்கள். ஆறவிட்டு வையுங்கள், சூடாக வைத்தால் உள்ளே வியர்க்கும்.

கைபேசியைப் பற்றி யாரும் கேட்பதில்லை, ஆனால் ஆபத்து அங்கேதான் அதிகம். அப்பாவின் போனில் செட்டிங்ஸுக்குப் போய் "செக்யூரிட்டி பேட்ச்" என்ற தேதியைப் பாருங்கள். இரண்டு மூன்று வருடத்துக்கு முந்தைய தேதியாக இருந்தால், அந்தப் போனில் ஜிபே வைத்துக்கொள்ள வேண்டாம். அலை எச்சரிக்கை பார்க்கவும் வியாபாரியிடம் பேசவும் அது போதும். பண விஷயத்தை, அப்டேட் வருகிற போன் வீட்டில் யாரிடம் இருக்கிறதோ அதற்கு மாற்றுங்கள்.

தம்பிக்கு செகண்ட் ஹேண்ட் தாராளமாக வாங்கலாம். கல்லூரியில் அவனுக்கு அரசு லேப்டாப் கிடைக்க வாய்ப்பிருக்கிறதா என்று மட்டும் முதலில் விசாரியுங்கள். வாங்குவதானால் கம்பெனிகள் மூன்று நான்கு வருடம் ஓட்டிவிட்டுக் கழித்துவிடும் பிசினஸ் மாடல்கள் நல்லவை, உடம்பு கெட்டியானது. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் எவ்வளவு பளபளவென்று துடைத்து வைத்திருந்தாலும், காசு எடுப்பதற்கு முன் நான்கு விஷயம் பாருங்கள். இன்டெல் என்றால் பிராசசர் எண் ஐ5-8250 மாதிரி 8-லோ அதற்கு மேலோ தொடங்க வேண்டும். ஐ5-7200 என்றால் விலை எவ்வளவு மலிந்தாலும் விண்டோஸுக்காக வாங்காதீர்கள், லினக்ஸ் போதுமென்றால் அதைக் காட்டியே விலையைக் குறைத்துக் கேளுங்கள். ராம் 8 ஜிபி இருக்க வேண்டும். சார்ஜரைப் பிடுங்கிவிட்டுப் பேட்டரியில் அரைமணி நேரம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். கடைசியாக, லேப்டாப்பை இயக்கியதும் பயாஸ் பக்கத்துக்குள் போய், பழைய கம்பெனியின் பாஸ்வேர்ட் கேட்கிறதா என்று பாருங்கள். கேட்டால், கடைக்காரர் எத்தனை தள்ளுபடி கொடுத்தாலும் அங்கேயே வைத்துவிட்டு அடுத்த கடைக்குப் போங்கள்.